திரையில் பிந்தும் சூரன்

தசராக் கொடியேற்றத்துக்கு முந்தின நாள்

கடைத்தெருவெங்கும் சடைமுடியும் தகரச் சூலமும் காளி வேஷத்துக்கு வைக்கும் சிவப்பு நாக்கும் தொங்குகின்றன. நான் வாங்கி வந்தது ஒரு எஃப் கனெக்டர். மாடி டிஷ்ஷின் எல்என்பி முனையில் பச்சை பூத்திருந்தது. குலசை என்கிற எங்கள் குலசேகரன்பட்டினத்தின் உப்புக் காற்றில் செம்பு எவ்வளவு நாள்தான் தாங்கும்? பழையதை வெட்டியெறிந்து, புதியதை மாட்டி, மேலே ரப்பர் டேப் சுற்றினேன். கேபிளின் மறுமுனையை டிவி பெட்டிக்குக் கொடுக்காமல், கம்ப்யூட்டரில் செருகிய யுஎஸ்பி டியூனருக்குக் கொடுத்தேன்.

தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் என்பதால்தான் இந்த வேலை நடக்கிறது. 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் வந்த காலம் தொட்டே அதில் பூட்டு இல்லை. இன்றைக்கும் பெரும்பாலான சேனல்கள் அப்படித்தான் இறங்குகின்றன. கட்டண டிடிஎச் என்றால் அந்தக் கம்பெனியின் பெட்டியும் கார்டும் இல்லாமல் ஒன்றும் திறக்காது.

போன் திசைகாட்டியில் பார்த்தேன். டிஷ் 118 டிகிரிப் பக்கம், தென்கிழக்கே கடலைப் பார்த்து நிற்கிறது. 93.5 டிகிரி கிழக்கில் இருக்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் நம்மூருக்கு அந்தத் திக்கில், சுமார் 69 டிகிரி உயரத்தில். கீழே நின்ற பெரியப்பா அண்ணாந்து பார்த்துவிட்டு, "ரூபவாஹினிக்கும் இதே பக்கந்தானடே ஏரியலைத் திருப்பி வச்சிருந்தோம்" என்றார். ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. இலங்கை டிவியான ரூபவாஹினியின் கோபுரம் நிற்கும் பிதுருதலாகல மலையும் இங்கிருந்து கிட்டத்தட்ட அதே கோணம்தான், தூரம் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். 1982 பிப்ரவரியில் அந்த ஒளிபரப்பு தொடங்கியபோது இந்தக் கரையில் பலருக்கு முதல் டிவி சிங்களத்தில்தான் பேசியது. சில நாள் கண்ணாடிபோல் வரும், சில நாள் வெறும் புள்ளியும் இரைச்சலும். கடல்மேல் காற்று அடுக்கடுக்காக நிற்கும் நாளில் அலை வளைந்து தூரம் வரும் என்பதெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்? "இன்னைக்கு வெக்கை, நல்லா எடுக்கும்" என்பார்களாம். அது போதுமானதாக இருந்திருக்கிறது.

கொடியேற்றம்

காலையில் காப்புக் கட்ட அப்படி ஒரு வரிசை. மத்தியானம் ஏதோ ஒரு சேனலில் முந்தைய தசராக் காட்சி ஓடியது. காளி வேஷம் போட்டவர் சூலத்தைச் சுழற்றும்போதெல்லாம் அதன் ஓரம் சீப்புப் பல்லாகப் பிரிந்தது. பழைய டிவியில் இது தெரியாது. நம் ஒளிபரப்பு ஒரு விநாடிக்கு 50 அரைப் படங்களாக வருகிறது. ஒற்றை வரிகள் ஒருமுறை, இரட்டை வரிகள் மறுமுறை. கம்ப்யூட்டர் இரண்டையும் சேர்த்து ஒரே படமாக வைக்கும்போது, அதற்குள் நகர்ந்துவிட்ட சூலம் இரண்டு இடத்தில் நிற்கிறது. விஎல்சியில் டீஇன்டர்லேஸை 'யாடிஃப் 2எக்ஸ்' என்று வைத்ததும் சூலம் ஒன்றானது. மானிட்டரும் 60 ஹெர்ட்ஸில் கிடந்தது. அதை 50-க்கு மாற்றியதும், திரைக்கு அடியில் ஓடும் செய்தி வரியின் வெட்டுவெட்டு நின்றுவிட்டது. கம்ப்யூட்டரில் டிவி பார்த்தால் கண் வலிக்கிறது என்பவர்கள் முதலில் இந்த இரண்டையும் பார்க்கட்டும்.

நாலாம் திருநாள்

டியூனரில் எனக்குப் பிடித்தது படமல்ல, ஓரத்தில் ஓடும் எண்கள். ஒரு டிரான்ஸ்பாண்டருக்குச் சுமார் 40 மெகாபிட். அதைப் பதினைந்து, இருபது சேனல்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஆளுக்கு இரண்டு, இரண்டரை. எஸ்டி படத்துக்கு 720-க்கு 576 புள்ளி. முழு எச்டிக்கு 1920-க்கு 1080. பெருக்கிப் பார்த்தால் சரியாக ஐந்து மடங்கு. சுருக்காமல் அனுப்பினால் எச்டி விநாடிக்கு 600 மெகாபிட்டைத் தாண்டும். அதை ஐந்தாகவோ எட்டாகவோ நசுக்கித்தான் வீட்டுக்குக் கொடுக்கிறார்கள்.

நசுக்குவது எப்படி? முந்தின படத்தில் இருந்ததை மறுபடி அனுப்பாமல், மாறியதை மட்டும் அனுப்புவது. செய்தி வாசிப்பவருக்கு வாய் மட்டும்தான் அசைகிறது. அரை மெகாபிட் குறைந்தாலும் அவர் முகத்துக்குக் கேடில்லை. ஆனால் அலை? ஒரு நுரையும் முந்தின நுரைபோல் இருப்பதில்லை. ஆயிரம் பேர் வேஷத்தில் ஆடினால்? ஜிகினா ஒவ்வொன்றும் தனித்தனியாக மின்னும். ஜிகினா, கூட்டம், கடல், தீப்பந்தம் என்று சுருக்குவதற்கு ஆகாதவை எல்லாவற்றையும் ஒரே கரையில் கொண்டுவந்து நிறுத்தினால் அது குலசை தசரா. மூலையில் 'எச்டி' என்று எழுதியிருப்பது புள்ளிகளின் எண்ணிக்கையை மட்டும்தான் சொல்லும். அந்தப் புள்ளிகளுக்கு எத்தனை பிட் ஒதுக்கினார்கள் என்பதை எந்தச் சேனலும் திரையில் எழுதுவதில்லை. நல்ல பிட் கொடுத்த எஸ்டி, பட்டினி போட்ட எச்டியைவிடப் பார்க்க நன்றாக இருக்கிறது. தூர்தர்ஷன் 2010 காமன்வெல்த் போட்டியோடு எச்டியைத் தொடங்கியது, ஆனால் ஃப்ரீ டிஷ்ஷில் பெரும்பாலானவை இன்னும் எஸ்டிதான். எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை.

ஆறாம் திருநாள்

சாயங்காலம் மழை. குவாலிட்டி எண் இறங்கிக்கொண்டே வந்தது, படத்துக்கு மட்டும் ஒன்றுமில்லை. திடீரென்று சதுரம் சதுரமாகி நின்றுவிட்டது. டிஜிட்டலில் சாகிறவரை நோய் தெரிவதில்லை.

எட்டாம் திருநாள்

டீக்கடையில் ஓர் அண்ணாச்சி: "இனிமே டிவி சேட்டிலைட்டெல்லாம் நம்மூர்லருந்தே போவுமாம்லா?" 2024 பிப்ரவரி 28 அன்று இங்கே ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டி, அன்றே ஒரு சின்ன ஆர்எச்-200 ராக்கெட்டையும் விட்டார்கள். அதிலிருந்து எல்லாருக்கும் இந்த நினைப்பு.

போகாது என்றேன். இங்கிருந்து கிளம்பப்போவது எஸ்எஸ்எல்வி. தாழ்ந்த சுற்றுப்பாதைக்கு 500 கிலோ அளவுதான் தூக்கும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே விட்டால் இலங்கைமேல் பறக்கக் கூடாதென்று வளைத்துக் கொண்டுபோக வேண்டும், அதில் எரிபொருள் வீணாகும். இங்கிருந்து நேரே தெற்கே விட்டால் கடல்தான். நாம் பார்க்கும் ஜிசாட்-15 3,164 கிலோ. 2015 நவம்பரில் பிரெஞ்சு கயானாவின் கூருவிலிருந்து ஏரியன்-5 தூக்கிக்கொண்டு போனது. அண்ணாச்சிக்கு ஏமாற்றம். "அப்பம் நம்மூர் ராக்கெட்டு எதுக்குடே?" என்றார். பூமியைப் படம் பிடிக்கும் சின்னச் செயற்கைக்கோள்களுக்கு என்று சொன்னேன். "வயலைப் பாக்கதுக்கா? அதுவும் நல்லதுதான்."

சூரசம்ஹாரம்

ஆச்சிக்கு முழங்கால் வலி. இந்தக் கூட்டத்தில் கடற்கரைக்குக் கூட்டிப்போக முடியாது. மானிட்டரைத் தார்சாவுக்குக் கொண்டுவந்து வைத்தேன். ஒரு தனியார் சேனல் இணையத்தில் எச்டி என்று போட்டு நேரலை விட்டது. லட்சக்கணக்கான போன்கள் ஒரே இடத்தில் கூடிய கரையிலிருந்து படம் வெளியே வர வேண்டுமே! சிதம்பரேஸ்வரர் கோயில் முகப்பு தெளிவாக இருந்தது. கேமரா கூட்டத்துப் பக்கம் திரும்பியதும் எல்லாம் கட்டம் கட்டமாகக் குழைந்தது. மகிஷன் தன் முகத்தோடு வந்து விழுந்தான். அடுத்து அவனே யானைமுகத்தோடு வந்தான்.

திரையில் அவன் சிங்கமுகமாக அம்மனைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே கரைப்பக்கமிருந்து வேட்டுச் சத்தமும் "ஓம் காளி, ஜெய் காளி" முழக்கமும் சன்னல் வழியாக வந்தன. இணைய நேரலை அரை நிமிஷம்வரை பிந்தும். செயற்கைக்கோளுக்கு அலை 36,000 கிலோமீட்டர் ஏறி இறங்கினாலும் கால் விநாடிதான் எடுக்கும். தாமதமெல்லாம் தரையில் சுருக்குவதிலும், துண்டு துண்டாகச் சேர்த்து வைத்து அனுப்புவதிலும்தான்.

ஆச்சிக்கு இந்தக் கணக்கு வேண்டாம். "அங்கன தலை போயிட்டுலா! இங்கன இன்னும் சிங்கமுகமாத்தான் நிக்கான்" என்று சன்னலுக்கும் திரைக்கும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் அதுவே அவளுக்கு வசதியாகிவிட்டது. எருமைமுகத்துக்கும் சேவலுக்கும் சத்தம் கேட்டதும் கையைக் கூப்பிக்கொண்டு தயாராக உட்கார்ந்து, படத்தில் தலை விழும்போது கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள்

அடுத்த வீட்டுப் பையன் குறத்தி வேஷம் போட்டவன். தசராக் குழுவோடு கரையில் நின்றானாம்; பதிவில் தன்னைத் தேட வந்தான். படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். 1080 வரியிலும் அவன் முகம் நாலு சதுரமாகத்தான் இருந்தது. பாசிமணியின் நிறத்தை வைத்து, "இதுதான் நான்" என்று ஒன்றைக் காட்டினான். இருக்கலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னான். அது இன்னொரு தடவை நசுக்கும், அப்புறம் பாசிமணியும் மிஞ்சாது. பென் டிரைவ் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.