வீட்டுக்கு வந்த மூன்று விலைகள்

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று சொல்லிவைத்த நம் முன்னோர் வீட்டை விற்றுப்பார் என்று ஏன் சொல்லாமல் விட்டனரோ தெரியவில்லை. விற்கும் நிலைக்கு வந்தவன் அதைப் பற்றிப் பேச விரும்பாதிருந்திருக்கலாம். தலைநகரில் வாழும் நம்மவர்க்கோ இஃது அடிக்கடி நேரும் காரியமாகிவிட்டது. எண்பதுகளில் தில்லி வளர்ச்சிக் குழுமத்தின் குலுக்கலில் வீடு பெற்றவர்கள் இன்று முதியோர். அவர்தம் மக்கள் திக்குக்கு ஒருவராய் இருக்கின்றனர். மின்தூக்கி இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடி, எழுபது வயது முழங்காலுக்குப் பழனி மலையாகிவிடுகிறது.

மயூர் விஹாரில் இருந்த எங்கள் வீடும் அத்தகையதே. தந்தையார் 2021-இல் உயில் எழுதாமலே காலமானார். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி அம்மாவுக்கும் தங்கைக்கும் எனக்கும் சமபங்கு. திருச்சியில் வாழும் தங்கை அம்மாவைத் தன்னோடு வைத்துக்கொள்ள விரும்பினாள். நானோ அரசுக் குடியிருப்பில் இருப்பவன். 2023 நவம்பரில் விற்பதென்று முடிவாயிற்று.

கேட்பார் வருவரோ என்று நாங்கள் அஞ்சியிருக்க, ஒரே வாரத்தில் மூவர் வந்தனர். முதல்வர் ஒரு தரகர். தமக்கே வாங்குவதாகச் சொன்னார். விலை 1 கோடியே 32 லட்சம். அதில் 40 லட்சம் ரொக்கம். இரண்டாமவர் நொய்டாவில் பணிபுரியும் இளந்தம்பதியர். வங்கிக் கடனை நம்பி 1 கோடியே 24 லட்சம் என்றனர். மூன்றாமவர் கீழ்வீட்டு சர்தார்ஜி. தந்தையாரை நள்ளிரவில் தம் காரில் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றவர். தம் மகனுக்காக 1 கோடியே 18 லட்சத்துக்குக் கேட்டார். முப்பது நாளில் முழுத்தொகையும் தருவதாகச் சொன்னார்.

தரகர் அன்றிரவே இரண்டு லட்சத்தை மேசைமேல் வைத்து, "பயானா வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார். நம் ஊரில் அச்சாரம் என்போமே, அதுதான். இவ்வூரில் வாங்குபவன் பின்வாங்கினால் அச்சாரம் போகும். விற்பவன் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் திருப்ப வேண்டும் என்பது வழக்கம். வழக்கம் கிடக்கட்டும், சட்டமும் எளிதில் விடாது. உடன்படிக்கையை அப்படியே நிறைவேற்றித் தருமாறு நீதிமன்றத்தை நாடும் வழி 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உண்டு. 2018-இல் வந்த திருத்தம் அதற்கு மேலும் வலுவூட்டியது. ஒருவரிடம் அச்சாரம் வாங்கிவிட்டு மற்றவரிடம் கூடுதல் விலை பேசுபவன், வீட்டோடு வழக்கையும் சேர்த்து விற்கிறான். அன்றியும், வீட்டு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்குவது 2015 முதல் குற்றம். பணத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

இருபது ஆண்டுகளாக அலுவலகத்தில் ஒப்பந்தப்புள்ளிக் கோப்புகளைப் புரட்டி வருபவன் நான். அங்கே சிற்சில கொள்முதல்களில் இரண்டு உறை கேட்பதுண்டு. தகுதி உறையை முதலில் பிரிப்போம். அதில் தேறியவரது விலை உறையைத்தான் பின்னர்ப் பிரிப்போம். அங்கே குறைந்த விலை வெல்லும், இங்கே கூடிய விலை வெல்லும் என்பது தவிர வேறுபாடு என்ன? மூவருக்கும் ஒரே செய்தி சொன்னேன்: வேறு இருவரும் கேட்கின்றனர், அடுத்த ஞாயிறு மாலைக்குள் ஒரு தாளில் நான்கு செய்திகளை எழுதித் தர வேண்டும். விலை என்ன, காசோலையாக எவ்வளவு, மீதிப்பணம் எங்கிருந்து வரும், பத்திரப்பதிவு எந்தத் தேதியில்? ஒருவரது விலையை மற்றவரிடம் சொல்வதில்லை என்றும் தெரிவித்தேன். "விலையைச் சொல்லி மூட்டிவிடப்பா, இன்னும் ஏறும்" என்றார் ஒரு நண்பர். ஏறியிருக்கலாம். ஏலக் கூச்சலில் ஏறிய விலை, வீட்டுக்குப் போய்ப் படுத்தபின் இறங்கிவிடுவதையும் நான் கோப்புகளில் பார்த்திருக்கிறேன்.

தாள்கள் வந்தன. தரகரின் தாளில் ஆறு மாத அவகாசமும், தம் பெயருக்கு ஒரு பொது அதிகாரப் பத்திரமும் கேட்டிருந்தார். அதாவது, எங்கள் வீட்டை எங்கள் பெயரிலேயே வைத்து வேறொருவருக்கு விற்று, நடுவிலுள்ள இலாபத்தை எடுப்பது அவர் எண்ணம். அதிகாரப் பத்திரத்தால் வீட்டின் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்த பின்னும் இவ்வாசை சிலரை விடவில்லை. தம்பதியர் தாளோடு வங்கியின் முதற்கட்ட ஒப்புதல் கடிதத்தை இணைத்திருந்தனர். வங்கி மதிப்பீட்டாளர் குறைத்து மதிப்பிட்டால் அந்த வேறுபாட்டை ஈடுகட்டத் தம் சேமிப்பு எவ்வளவு என்பதையும், நான் கேளாமலே எழுதியிருந்தனர். அந்த ஒரு வரி எனக்கு மிகவும் பிடித்தது.

அம்மாவின் மனம் சர்தார்ஜியின் பக்கம். "அப்பாவைத் தூக்கிண்டு ஓடின மனுஷன்டா" என்றாள். நான் கீழே போய்ப் பேசினேன். அவர் தம் தாளில் விலையை ஏற்றவுமில்லை, சலுகை கேட்கவுமில்லை. "மகளுடைய பங்கும் இருக்கிறது. என்னால் ஏற முடியாது. நல்லவர்களாகப் பார்த்துக் கொடுங்கள்" என்று இந்தியில் சொல்லித் தேநீர் தந்தார். அந்தத் தேநீரைக் குடிப்பது எளிதாக இல்லை.

தம்பதியருக்குச் சம்மதம் சொன்னோம். வாய்ச்சொல் மட்டுமே, கையெழுத்து புதன்கிழமைக்கு. செவ்வாய் இரவு தரகர் மறுபடி வந்தார். 1 கோடியே 40 லட்சம்; 50 லட்சம் ரொக்கம்.

என் பங்கு மட்டுமாயின் அப்போதே வாசலைக் காட்டியிருப்பேன். சொன்ன சொல்லைக் காப்பதில் உள்ள பெருமிதம் இனியதுதான். ஆனால் அதற்கான விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தங்கையல்லவா கொடுக்கிறாள்? அவளுக்கு மருத்துவக் கல்லூரியில் படிக்கும் மகன். 16 லட்சத்தில் அவள் பங்கு 5 லட்சத்து 33 ஆயிரம். வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளில் வாணிகரை நினைத்துக்கொள்கிறார். பிறர் பொருளையும் தம் பொருள்போற் பேணச் சொல்கிறார். பிறர் பொருள் தங்கையுடையதாய் இருக்கும்போது அதைப் பேணுவது எப்படி? தொலைபேசியில் யாவற்றையும் அவளிடம் சொன்னேன். ஓரிரவு அவகாசம் கேட்டாள்.

காலையில் அவளே அழைத்தாள். "அண்ணா, காலேஜில் ரொக்கம் வாங்கமாட்டான். பேங்கில் போட்டால் எங்கிருந்து வந்ததென்று கேட்பான். செக்காக எவ்வளவு வரும், அதை மட்டும் சொல்." தரகர் கணக்கில் ஒருவருக்கு 30 லட்சம், தம்பதியர் கணக்கில் 41 லட்சத்து 33 ஆயிரம். "அப்புறம் என்ன?" என்று தொலைபேசியை வைத்துவிட்டாள். தருமத்தைப் பற்றி அரைமணி நேரம் பேச நான் ஆயத்தமாய் இருந்தேன்.

2024 ஜனவரிக் கடுங்குளிரில் சார்பதிவாளர் அலுவலகத்தில் மூவரும் கையெழுத்திட்டு, மூன்று வரைவோலைகளைப் பெற்றோம். தங்கையையும் அம்மாவையும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏற்றிவிடப் போனேன். வண்டி புறப்பட நேரமிருந்தது. தரகர் 1 கோடியே 40 லட்சத்தையும் காசோலையாகவே தருவதாகச் சொல்லியிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்ற கேள்வி நாவரைக்கும் வந்தது. கேட்கவில்லை. தண்ணீர் பாட்டில் இரண்டு வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.