நீண்ட வாலும் தோள்சுமையும்

இலக்கிய வாசகர்களுக்கு 'வணிக உத்தி' என்னும் சொற்றொடரே சற்று ஒவ்வாமை தருவது. எழுத்தையும் சரக்கையும் ஒரே வாக்கியத்தில் வைத்துப் பேசுவதைச் சிற்றிதழ் மரபில் வளர்ந்தவர்கள் விரும்புவதில்லை. நாங்களும் அந்த மரபில் வந்தவர்களே. ஆயினும் இணையத்தில் கண்ணில் படும் வணிகக் கட்டுரைகளை நண்பர்கள் சிலர் ஒருவருக்கொருவர் அனுப்பி, படித்து, அவற்றின்மீது சண்டையிடுவதை ஒரு வழக்கமாகவே கொண்டிருக்கிறோம். லாபம் ஈட்டுவது எப்படி என்று சொல்ல வந்த அக்கட்டுரைகளில் சில எங்களைப் பற்றியே பேசுவதாகத் தோன்றியதுதான் காரணம். குறைவாக விற்கும் நூல்கள், அவற்றைத் தேடி அலையும் சிலர், அந்தச் சிலரை நம்பி எழுதும் ஒருவர் – இவைதான் அவற்றின் கதைமாந்தர்கள்.

எங்களிடையே மிக அதிகமாகக் கைமாறிய கருத்து 'நீண்ட வால்'. 2004 அக்டோபரில் வயர்ட் இதழில் அதன் ஆசிரியர் கிறிஸ் ஆண்டர்சன் எழுதிய கட்டுரை அது. 2006இல் நூலாக விரிந்தது. நூல்களின் விற்பனையை ஒரு வரைபடமாக இட்டால் இடப்பக்கம் பெருவிற்பனை நூல்கள் தலைபோல் உயர்ந்து நிற்கும். வலப்பக்கம், ஆண்டுக்குப் பத்துப் பிரதியோ இரண்டு பிரதியோ விற்கும் எண்ணற்ற நூல்கள் தரையோடு தரையாக வால்போல் நீண்டு செல்லும். கடைக்காரருக்கு ஒவ்வோர் அடி அலமாரிக்கும் வாடகை உண்டு. ஆகவே அவர் தலையை மட்டுமே அடுக்கிவைக்க முடியும். இணையக் கடைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே வாலிலுள்ள சிறு விற்பனைகள் எல்லாம் சேர்ந்தால் தலைக்கு ஈடான சந்தையாகிவிடும் என்பது ஆண்டர்சனின் வாதம். பெரிய புத்தகக்கடை ஒன்றில் ஏறத்தாழ 1,30,000 தலைப்புகள் இருக்கும் என்றும், அமேசானின் நூல் விற்பனையில் பாதிக்கு மேல் அந்த எண்ணிக்கைக்கு அப்பாலிருந்தே வருகிறது என்றும் அவர் கட்டுரையில் எழுதினார். நூலாக வந்தபோது அந்த அளவு ஏறத்தாழக் கால்பங்காகக் குறைந்திருந்தது. கால்பங்கும் சிறிதன்று.

அக்கட்டுரை ஒரு புத்தகத்தின் கதையோடு தொடங்குகிறது. பெரு நாட்டின் ஆண்டீஸ் மலையில் 1985இல் சாவின் விளிம்பிலிருந்து மீண்ட ஜோ சிம்ப்சன், அந்த அனுபவத்தை 'டச்சிங் தி வாய்ட்' என்னும் நூலாக 1988இல் எழுதினார். நல்ல மதிப்புரைகள் வந்தன. பிறகு நூல் மெல்ல மறக்கப்பட்டது. 1997இல் எவரெஸ்ட் விபத்தைப் பற்றி ஜான் கிராகவர் எழுதிய 'இன்டு தின் ஏர்' பெருவிற்பனை கண்டது. அதை வாங்கியவர்களுக்கு அமேசான் சிம்ப்சனின் பழைய நூலையும் பரிந்துரைத்தது. வாசித்தவர்கள் புகழ்ந்து எழுத, மேலும் பலர் வாங்க, மறக்கப்பட்ட நூல் புதிய நூலைவிட அதிகம் விற்கும் நிலைக்கு வந்தது.

வெளிவந்த மறு ஆண்டே காணாமற்போகும் நூல்களை நேசிக்கிறவர்களுக்கு இதைவிட இனிய செய்தி இருக்க முடியாது. ஆனால் அந்தக் கதையை இரண்டாம் முறை வாசித்தபோது வேறொன்று எங்கள் கண்ணில் பட்டது. சிம்ப்சனின் நூலை மீட்டது எல்லையற்ற அலமாரியா? அலமாரியில் அது கிடந்ததால் மட்டும் ஒருவரும் அதை எடுக்கவில்லை. பலரும் அறிந்த ஒரு நூலின் வாசகர்களிடம், 'இதைப் படித்தீர்களல்லவா, அதையும் படியுங்கள்' என்று ஒரு குரல் சொல்லவேண்டியிருந்தது.

அந்தக் குரலை நாங்கள் முன்பே அறிவோம். எங்களில் சிலர் படித்த ஊரில் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சிறிய புத்தகக்கடை இருந்தது. கடைக்காரப் பெரியவர் நாங்கள் கேட்ட நூலை எடுத்துத் தருவார். கூடவே கேட்காத ஒன்றையும் மேலே வைப்பார். "தம்பி, இதப் படிச்சிட்டீங்கன்னா அடுத்து இதத்தான் படிக்கணும். காசு மெதுவா குடுங்க" என்பார். கல்கியிலும் சுஜாதாவிலும் நின்றிருந்த எங்களை கு. அழகிரிசாமியிடமும் மௌனியிடமும் நகர்த்திக் கொண்டுபோனது அந்தக் கை. அவர் காலத்துக்குப் பின் அந்த இடத்தில் கைபேசிக் கடை வந்தது. அந்தக் கடையில் இருந்ததைவிட ஆயிரம் மடங்கு தலைப்புகள் இன்று எங்கள் கையிலுள்ள திரையிலேயே கிடைக்கின்றன. அடுத்து எதைப் படிப்பது என்ற திகைப்பும் அதே அளவில் பெருகியிருக்கிறது.

ஆண்டர்சனுக்கு எழுந்த மறுப்புகளில் கனமானது, ஹார்வர்டு வணிகப் பள்ளியின் அனிதா எல்பர்ஸ் 2008இல் ஹார்வர்டு பிஸினஸ் ரிவ்யூவில் எழுதியது. ராப்சடி என்னும் இணைய இசைச் சேவையின் கணக்கை அவர் எடுத்துப் பார்த்தார். அங்கே கேட்கப்பட்ட பாடல்களில் 78 விழுக்காடு, முதல் 10 விழுக்காட்டுப் பாடல்களே. முதல் ஒரு விழுக்காடு மட்டும் 32 விழுக்காட்டைப் பிடித்திருந்தது. அலமாரி நீண்டதே தவிர, கூட்டம் தலையருகில்தான் நின்றது. வில்லியம் மெக்ஃபீ என்னும் சமூகவியலாளர் 1963இலேயே சொன்ன ஒன்றையும் எல்பர்ஸ் நினைவுபடுத்துகிறார். எப்போதாவது நுகர்கிறவர் புகழ்பெற்றதை மட்டுமே அறிவார். அரியதைத் தேடுகிறவரோ புகழ்பெற்றதையும் அறிந்த தீவிர நுகர்வோர். எங்கள் வாசிப்பு வரலாறும் இதற்குச் சாட்சி. எவரும் மௌனியில் தொடங்குவதில்லை.

எல்பர்ஸின் முடிவு முதலீட்டாளருக்கானது: தலையில் பணத்தைப் போடுங்கள். நாங்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்டது வேறு. தலைக்கும் வாலுக்கும் இடையே ஒரு பாதை இருக்கிறது. அதில் ஆளை அழைத்துப்போக ஒருவர் வேண்டும். வாலை நீட்டுவதற்கான செலவு சரிந்துவிட்டது. அழைத்துப்போவதற்கான செலவு சரியவில்லை. அது ஒரு மனிதரின் நேரமும் படிப்பும் கலந்தது.

வாலின் லாபம் யாருக்கு என்பது அடுத்த கேள்வி. பத்து லட்சம் நூல்களில் ஒவ்வொன்றும் பத்துப் பிரதி விற்றால் கடைக்கு அது பெருஞ்சந்தை. எழுதியவருக்கு அது பத்துப் பிரதி மட்டுமே. பயனர்கள் ஊதியமின்றி எழுதிக் குவிக்க, தள உரிமையாளர் அறுவடை செய்யும் ஏற்பாட்டைப் பற்றி எழுதிய நிக்கோலஸ் கார், அதை 2006இல் வாரச் சாகுபடிக்கு ஒப்பிட்டார். நிலம் ஒருவருடையது, உழைப்பு மற்றவருடையது, விளைச்சலில் பெரும்பங்கு நிலத்துக்கு. வாரத்துக்குப் பயிரிட்ட தலைமுறைகளைக் கண்ட நமக்கு இந்த உவமை விளக்கமின்றியே புரியும்.

இந்தச் சிக்கலுக்கு விடையாக வந்ததுதான் 2008 மார்ச்சில் கெவின் கெல்லி எழுதிய 'ஆயிரம் மெய்யான ரசிகர்கள்'. படைப்பாளிக்குக் கோடிப் பேர் வேண்டாம். தான் ஆக்குவதையெல்லாம் வாங்கும் ஆயிரம் பேர் போதும். ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 100 டாலர் நேரடியாகத் தந்தால் ஒரு லட்சம் டாலர் ஆகிறது என்று கணக்கிட்டார்.

ஆயிரம் என்ற எண்ணைக் கண்டதும் எங்களுக்குச் சிரிப்பு வந்தது. தமிழில் ஒரு நூலின் முதல் பதிப்பு நெடுங்காலம் ஏறத்தாழ அந்த எண்ணிக்கையில்தான் அச்சானது. இருநூறு ரூபாய் நூல் ஆயிரமும் விற்று, பத்து விழுக்காடு உரிமைத்தொகை ஒழுங்காகக் கிடைத்தால் எழுத்தாளருக்கு 20,000 ரூபாய். அதுவும் பல ஆண்டுகளில் தவணையாக வரும். கெல்லியின் கணக்கு ஆயிரம் என்னும் எண்ணில் நிற்கவில்லை. இடையில் எவரும் இல்லை என்பதிலும், ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் நூறு டாலர் தர இயன்றவர் என்பதிலும் நிற்கிறது. பின்னொரு கட்டுரையில், அப்படியே வாழ்ந்து பார்த்த ராபர்ட் ரிச் என்னும் இசைக்கலைஞரின் அனுபவத்தைக் கெல்லியே வெளியிட்டார். வேறெதையும் செய்ய மனமில்லாதவரும் வசதியைத் துறக்கத் துணிந்தவருமே இந்த வாலில் பிழைத்திருக்க முடியும் என்பது அதன் சாரம்.

இதை வாசித்தபோது சி.சு. செல்லப்பாவை நினைக்காமலிருக்க முடியவில்லை. 1959 முதல் 1970 வரை 'எழுத்து' இதழை நடத்தியவர். தாமே பதிப்பித்த நூல்களை மூட்டையாகக் கட்டித் தோளில் சுமந்து ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றவர். சந்தாதாரரைத் தேடிச் சென்றார், இடைத்தரகர் இல்லை, வாசகரை முகம் பார்த்து அறிந்தார். கெல்லியின் இலக்கணம் முழுவதும் அவரிடம் இருந்தது. வருமானம் மட்டும் வரவில்லை. வணிகக் கணக்கில் அது தோல்வி. தமிழ்ப் புதுக்கவிதையின் கணக்கில் அதற்கு வேறு பெயர்.

ரேடியோஹெட் இசைக்குழு 2007 அக்டோபரில் செய்ததும் எங்களைப் பல நாள் பேசவைத்தது. 'இன் ரெயின்போஸ்' தொகுப்பைத் தங்கள் தளத்திலேயே வெளியிட்டு, கேட்பவர் விரும்பிய விலையைத் தரலாம், தராமலும் இருக்கலாம் என்றார்கள். புதிய யுகம் பிறந்ததாக எழுதினார்கள். ஆனால் அந்த ஏற்பாடு அதே ஆண்டு டிசம்பரில் முடிந்தது. 2011இல் வந்த அடுத்த தொகுப்புக்கு அவர்களே விலை குறித்துவிட்டார்கள். அந்தத் துணிவுக்குப் பின்னால் பெரிய இசை நிறுவனம் ஒன்று பல ஆண்டுகள் கட்டியெழுப்பிய புகழ் இருந்தது. தலையில் நின்றவர்களுக்கே அது எளிதாயிற்று.

ஆண்டர்சன் கொண்டாடிய மற்றொரு எடுத்துக்காட்டு நெட்ஃபிளிக்ஸ். எந்தக் கடையிலும் கிடைக்காத ஆவணப்படங்களையும் அயல்மொழிப் படங்களையும் டிவிடியாக அஞ்சலில் அனுப்பிவந்தது. அதன் பட்டியல் ஒரு காலத்தில் ஒரு லட்சம் தலைப்புகளைத் தாண்டியிருந்தது. 2023 செப்டம்பரில் அந்தச் சேவை மூடப்பட்டது. இணையவழித் திரையிடலில் அந்நிறுவனம் தரும் படங்கள் அந்தப் பட்டியலின் அருகில்கூட வருவதில்லை. இதன் காரணம் தொழில்நுட்பத்தில் இல்லை. விலைகொடுத்து வாங்கிய டிவிடியை, அமெரிக்கச் சட்டப்படி, எவரிடமும் அனுமதி கேட்காமல் வாடகைக்கு விடலாம். இணையத்தில் திரையிட ஒவ்வொரு படத்துக்கும் உரிமம் பெறவேண்டும். அதற்குக் காலவரையறையும் உண்டு. பத்துப் பேர் பார்க்கும் படத்துக்கு யார் உரிமம் வாங்குவார்கள்? வால் நீள்வதும் அறுவதும் இடவசதியைவிட உரிமையையே பொறுத்தது என்பதை எந்த வணிகக் கட்டுரையையும்விட இந்தச் செய்தி எங்களுக்குத் தெளிவாகச் சொன்னது.

இதில் தமிழுக்கு ஒரு நல்வாய்ப்பு முன்பே வாய்த்தது. 1949இல் சென்னை மாகாண அரசு பாரதியின் ஆக்கங்களுக்கான உரிமையைப் பெற்றது; பின்னர் அது மக்களுக்கே விடப்பட்டது. ஆ. இரா. வேங்கடாசலபதி 'பாரதி: கவிஞனும் காப்புரிமையும்' நூலில் இவ்வரலாற்றை விரிவாக எழுதியிருக்கிறார். குடும்பத்துக்குப் பரிவுத்தொகை கொடுத்து நூல்களை நாட்டுடைமையாக்கும் வழக்கம் அதன்பின் வேரூன்றியது. 1998இல் சுவிட்சர்லாந்திலிருந்த கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாடுகளிலிருந்த தன்னார்வலர்கள் சங்க நூல்கள் முதல் இருபதாம் நூற்றாண்டு எழுத்துகள் வரை தட்டச்சிட்டு எவரும் எடுத்துக்கொள்ளுமாறு வைத்தார்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த நினைவைச் சுமந்த சமூகத்தில் 2005இல் 'நூலகம்' திட்டம் உருவாயிற்று. இவற்றுக்கு லாப நட்டக் கணக்கே கிடையாது. நாங்கள் இணையத்தில் கண்ட மிக நீண்ட வால் இவைதான்.

ஆனால் அங்கும் கோப்புகள் தாமாக வாசிக்கப்படுவதில்லை. எங்கள் கவிஞர் நண்பர் ஒருவர் தம் தொகுப்பை முந்நூறு பிரதி அச்சிட்டார். இணையக் கடையிலும் வைத்தார். விற்றவற்றில் பெரும்பகுதி, ஒருவர் படித்து இன்னொருவரிடம் சொல்லி விற்றவை. பெட்டி காலியானபோது அவருக்குக் கிடைத்தது அச்சுக்கூலி மட்டும். அடுத்த தொகுப்பைப் போடுவதற்குத் தயங்குகிறார். ஆயிரம் பேரை அவருக்குத் தேடித்தர எங்களால் இயலாது. ஆகவே ஒன்றை மட்டும் முடிவுசெய்திருக்கிறோம். ஆண்டுக்கு ஒரு நூலை ஒவ்வொருவரும் தேர்ந்து, அதைப் பத்துப் பேரிடம், அவர்கள் ஏற்கெனவே விரும்பிய நூல் எது என்று கேட்டறிந்து, அதிலிருந்து இதற்கு வழி சொல்லிக் கையில் கொடுப்பது. காசு கொடுத்து வாங்கச்செய்வது. ஏழு பேர், எழுபது பிரதி. இவ்வாண்டு முதல் நூல் அந்த நண்பருடைய அடுத்த தொகுப்பு. கையெழுத்துப் பிரதியை இன்னும் அவர் எங்களிடம் தரவில்லை.