வற்ற மறந்த விருஷபாவதி

கன்னடர்களின் கார்த்திகை மாதக் கடைசித் திங்களன்று பெங்களூர் பசவனகுடியில் கடலைக்காய்த் திருவிழா. தொட்ட பசவண்ணா கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் வேர்க்கடலை குவியல் குவியலாகக் கிடக்கும். கொறித்தபடி வரிசையில் நகரும் கூட்டம் தரிசிக்கப் போவது ஒரே கல்லில் வடித்த பிரம்மாண்டமான நந்தியை. அந்த நந்தியின் காலடியில் ஒரு நதி பிறக்கிறது என்பது தல நம்பிக்கை. ரிஷபத்தின் பெயரையே தாங்கிய அந்த நதி, விருஷபாவதி.

நதி என்பதைவிட ஓடை என்பதே பொருந்தும். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது பெங்களூர். முதுகுக்குக் கிழக்கே விழும் மழை தென்பெண்ணைக்குப் போகிறது. மேற்கே விழுவதில் பெரும்பகுதி விருஷபாவதி வழியாக அர்க்காவதியில் சேர்ந்து காவிரியை அடைகிறது. மல்லேஸ்வரம், பசவனகுடி மேடுகளிலிருந்து இறங்கும் சிற்றோடைகள் ஒன்றுகூடி, மைசூர் சாலையை ஒட்டியே கெங்கேரிக்கும் பிடதிப் பக்கமும் செல்கின்றன.

அந்த ஓட்டம் ஒரு காலத்தில் மழையை நம்பியது. ஏப்ரல், மே மாதங்களின் மாங்காய் மழையில் உயிர் பெற்று, ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை பெருகி, கோடையில் இளைத்துப் போகும். இப்போது ஆண்டு முழுவதும் தண்ணீர். ஆனால் அது வானம் தந்தது அல்ல. சுமார் 100 கி.மீ. தொலைவிலிருந்து 500 மீட்டருக்கு மேல் உயர்த்திக் கொண்டுவரப்படும் காவிரி நீர் அது. 1974இல் தொடங்கிய இந்தக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில் திறக்கப்பட்டது. குளித்து, துவைத்து, கழுவிய பின் அந்த நீர் போய்ச் சேரும் இடங்களில் ஒன்று விருஷபாவதி. சுத்திகரிப்பு நிலையங்கள் இருந்தும் கழிவுநீர் முழுவதும் அவற்றின் வழியாக வருவதில்லை. ஆலைக் கழிவும் சேர்கிறது.

இதனால் பருவங்களின் பொருளே மாறிவிட்டது. கலக்க மழைநீர் இல்லாத கோடையில்தான் ஆறு மிகக் கறுப்பு. சரிவுகளில் வெள்ளை வெளேரென்று நுரை. பெருமழை பெய்தாலோ, கான்கிரீட் நகரம் உறிஞ்ச மறுத்த வெள்ளம் சில மணி நேரத்தில் கரையை முட்டுகிறது. மைசூர் சாலையில் ஆற்றோரம் இருக்கும் ஆஞ்சநேயரின் பெயர் காளி ஆஞ்சநேயர். கன்னடத்தில் காளி என்றால் காற்று. இன்று பக்தர்கள் மூக்கைப் பொத்துவது அந்தக் காற்றுக்குத்தான்.

பிடதி அருகே பைரமங்கலா நீர்த்தேக்கத்தில் கதை இன்னும் சிக்கலாகிறது. 1940களில் பாசனத்துக்காகக் கட்டப்பட்டது இது. நெல் விளைந்த வயல்களில் இப்போது மல்பெரி, பேபி கார்ன், தீவனப்புல். மழை பொய்த்தாலும் வாய்க்கால் பொய்ப்பதில்லை. ஆனால் அதில் வருவது நகரம் கழித்துவிட்ட நீர். விவசாயிக்கு அது வேண்டவும் வேண்டும். அதன் அழுக்கு வேண்டாம்.

பிறகு அர்க்காவதி, சங்கமத்தில் காவிரி, மேக்கேதாட்டு. அதற்கும் கீழே பிலிகுண்டுலு. உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்புப்படி தமிழகத்துக்கு ஆண்டுக்கு 177.25 டிஎம்சி அளந்துவிட வேண்டிய இடம் இதுதான். மழைக்காலத்தில் காவிரியின் பெருக்கில் விருஷபாவதி கரைந்து போகும்; கோடையில் காவிரியே இளைத்திருக்கும். அழுக்கு நீர் வருவதாகத் தமிழக அரசு 2015இல் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. ஒகேனக்கலில் எடுக்கும் காவிரி நீர்தான் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் குடிநீர்.

காவிரி என்றதும் இரு மாநிலங்களும் கேட்பது எத்தனை டிஎம்சி என்றுதான். அது எப்படிப்பட்ட தண்ணீர் என்ற கேள்வி அபூர்வமாகவே எழுகிறது. பசவனகுடியில் நந்தி மட்டும் படுத்த இடத்திலேயே இருக்கிறது. அதன் காலடியில் பிறந்ததாகச் சொல்லப்படும் ஓடையை இன்று ஓட வைத்துக்கொண்டிருப்பது பெங்களூர் வீடுகளின் குழாய்கள்.