காத்தாடி ரோடும் கத்தரிக்கோலும்

நெல்லையில பஸ் ஏறினா நாங்குநேரி, வள்ளியூர், ராதாபுரம்... வழியெல்லாம் காற்றாலைகள் சும்மா சுத்தித் தள்ளுது. கடல் வாடை மூக்குல ஏறும்போது தூரத்துல குவிமாடங்கள் தெரியும். அதான் கூடங்குளம் அணுமின் நிலையம்! பக்கத்துலயே இடிந்தகரை. 2011-ல் மாதா கோயில் முன்னாடி பந்தல் போட்டு, 'அணு உலை வேண்டாம்'னு ஜனங்க உட்கார்ந்த ஊர். அதுக்கு ஆயிரக்கணக்கானவங்க மேல தேசத்துரோக வழக்கு.

அணுவைக் கேள்வி கேட்டா கேமராவுக்கும் சிக்கல்தான். 1998 பொக்ரான் சோதனைக்கு அப்புறம் ஆனந்த் பட்வர்தன் எடுத்த ஆவணப்படம் 'வார் அண்ட் பீஸ்'. சென்சார் போர்டு ஏகப்பட்ட 'கட்' சொன்னது. மனுஷன் விடலையே! 2003-ல் பம்பாய் ஐகோர்ட் ஒரு வெட்டும் இல்லாம அனுமதிக்கச் சொன்னது.

கார்ட்டூனுக்கு சென்சார் போர்டே கிடையாது. அப்ப ஜாலிதானே? ரிட்டர்ன் பஸ் பிடிச்சு நெல்லை கலெக்டர் ஆபீஸ் வாங்க. 2017 அக்டோபர் 23. மனு மேல மனு கொடுத்தும் கந்துவட்டிக் கொடுமை தீராம, இங்கேதான் ஒரு குடும்பம் தீக்குளிச்சது. ரெண்டு சின்னக் குழந்தைகளோட நாலு பேருமே பிழைக்கலை. கொதிச்சுப்போன கார்ட்டூனிஸ்ட் பாலா, முதல்வர், கலெக்டர், போலீஸ் கமிஷனர் மூணு பேரையும் வரைஞ்சார். கலெக்டர் புகார் கொடுக்க, நவம்பர் 5-ல் சென்னையில கைது. நெல்லைக்குக் கூட்டிட்டு வந்தாங்க. மறுநாள் ஜாமீன்.

ஒரே நாள்தானேன்னு நினைக்காதீங்க மக்கா. கத்தரிக்கோல் வெட்டுறது ஒரு படத்தை. கேஸ்? அடுத்து வரையப் பேனா எடுக்கிறவன் கையையே நடுங்க வைக்கும்!