முறிகண்டியில் நிற்கும் வண்டிகள்

ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு முறிகண்டியைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மாங்குளம் தாண்டி, கிளிநொச்சி வருமுன் வீதியோரத்தில் இருக்கிறது பிள்ளையார் கோயில். சாரதி எந்தச் சமயத்தவராக இருந்தாலும் வண்டியை நிறுத்துவார். கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்த பிறகுதான் பயணம் தொடரும். அந்தச் சில நிமிடங்களை நம்பித்தான் இங்குள்ள கச்சான் கடைகள் இருக்கின்றன.

கடை என்றதும் பெரிதாக எண்ணிவிடாதீர்கள். ஒரு கூரை, ஒரு பலகை, விறகடுப்பு, மணல் போட்ட தாச்சி, அளப்பதற்கு ஒரு சுண்டு. மணல் நன்றாகச் சூடேறியதும் கச்சானைக் கொட்டி, கை ஓயாமல் கிளறவேண்டும். கை ஓய்ந்தால் ஒருபக்கம் கருகிவிடும். முதலாளியும் தொழிலாளியும் ஒருவரே.

ஆட்சி மாறினால் உங்கள் தொழிலுக்கு என்ன நடக்கும் என்று ஓர் அம்மாவிடம் கேட்டேன்.

"எனக்கு அரசியல் தெரியாது பிள்ளை. றோட்டுத் திறந்திருக்கோ, பூட்டியிருக்கோ எண்டுதான் பாப்பன்."

அரசியல் தெரியாதவரின் பேச்சல்ல இது. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை ஒப்பமானது. ஏப்ரலில் வீதி யாழ்ப்பாணம் வரை திறந்தது. தெற்கிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் சனம் வந்தது. 2006 ஓகஸ்டில் முகமாலையில் சண்டை மூண்டு பாதை மூடப்பட்டது. பிறகு இடப்பெயர்வு, முகாம் வாழ்க்கை. அதை நம் வாசகிகளுக்கு நான் விவரிக்கவேண்டியதில்லை. யுத்தம் முடிந்து திரும்பி வந்தபோது தாச்சிகூட மிஞ்சியிருக்கவில்லை என்றார் அந்த அம்மா. தெற்கிலிருந்து சுற்றுலா பஸ்கள் நிரையாக வந்த காலத்தில் கச்சான் விற்றது உண்மை. ஆனால் அதே வீதியில் இராணுவத்தினரும் சிற்றுண்டிச்சாலைகளை நடத்தினார்கள். 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மறுபடி யாழ்ப்பாணம் போகத் தொடங்கியது. நல்ல விடயந்தான். ஆனாலும் ரயிலில் போகிறவர் கச்சான் வாங்க இறங்கமாட்டார்.

2022 ஐப் பற்றிக் கேட்டபோது பக்கத்துக் கடைக்காரி சிரித்தார். ஊரெல்லாம் எரிவாயு வரிசையில் நிற்க, இவர்களுக்கு விறகு இருந்தது. ஆனால் டீசல் இல்லாமல் பஸ்கள் குறைந்துபோயின. ஜூலையில் ஜனாதிபதி நாட்டைவிட்டு ஓடிய செய்தியை வறுத்த கச்சானை ஆறவிட்டபடியே கேட்டாராம். "விலையைக் கூட்டினா சனம் வாங்காது அக்கா. பையைச் சின்னனாக்கினம்."

அவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மூன்று பிள்ளைகள். 2024 இல் மாற்றத்துக்கே வாக்களித்ததாக ஒளிக்காமல் சொன்னார். அவ்வாண்டு நவம்பர் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 159 ஆசனங்களைப் பெற்றது. யாழ்ப்பாணம், வன்னி மாவட்டங்களிலும் அதுவே முதலிடத்தில் வந்தது. பழைய கட்சிகள் மீதிருந்த வெறுப்பா, புதியவர்கள் மீதான நம்பிக்கையா என்று கேட்டேன்.

"ரெண்டுமில்லை. கடன்."

யுத்தத்தின் பின் நுண்கடன் நிறுவனங்கள் வன்னிக்குள் வீடு வீடாக வந்தன. பிணைக்குச் சொத்துக் கேட்கவில்லை, பெண்களின் குழுவையே கேட்டன. கிழமைக்குக் கிழமை வசூல். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டவேண்டும். சிநேகிதிகள் முகம் பாராமல் போனது அதனால்தான். 2018 இல், வரட்சி பாதித்த மாவட்டப் பெண்கள் ஒரு இலட்சம் ரூபாய் வரை பெற்ற நுண்கடன்களை இரத்துச் செய்வதாக அரசு அறிவித்தது. இவருடைய கடன் அதைவிடச் சற்றுக் கூட. அதனால் அந்தச் சலுகை இவருக்குக் கிடைக்கவில்லை.

இப்போது அவர் எதிர்பார்ப்பது நிவாரணமல்ல. அரச வங்கியில் குறைந்த வட்டிக்கு ஒரு சிறு கடன் வேண்டும். இரண்டு அரச உத்தியோகத்தர் பிணை நிற்கவேண்டும் என்கிறார்களாம். "எங்கட குடும்பத்தில ஆர் அக்கா உத்தியோகத்தில?" என்று கேட்டார். புதிய ஆட்சியை அவர் அளக்கப்போவது இந்த ஒரு நிபந்தனையை வைத்துத்தான். எனக்கு அது நியாயமாகவே பட்டது.

முல்லைத்தீவுப் பக்கத்துக் கச்சான் தை, மாசியில் தோட்டத்தால் வரும். அப்போது மூட்டையாக வாங்கிவைத்தால் விலை குறைவு. கையில் முதல் இல்லாதவர் ஆண்டு முழுதும் கொஞ்சங் கொஞ்சமாகக் கூடின விலைக்கு வாங்கவேண்டும். வங்கிக்கு இரண்டு தடவை போய்வந்தாராம். மார்கழிக்கு முன் மூன்றாந் தடவையும் போவதாகச் சொன்னார்.