கோழிக்கூட்டுக்கு வந்தவர் யார்?

சங்க மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று ஆசிரியர் குழு நண்பர்கள் மூன்று முறை என் அறைக்கு நடந்துவிட்டனர். "கால்நடை மருத்துவம் படிப்பவருக்கு விஷயத்துக்கா பஞ்சம்?" என்று ஒருவர் கேட்டும் விட்டார். விஷயம் இல்லாமல் இல்லை. ஆனால் அது என் படிப்புக்குப் பெருமை சேர்க்கும் விஷயம் அன்று. இந்த இஜ்ஜத்நகரில் இரண்டாண்டு பறவைகளைப் பற்றிப் படித்துவிட்டு ஊருக்குப் போன நான், அம்மாவின் அடைக்கோழி ஒன்றை அநியாயமாகப் பறிகொடுத்த கதை அது.

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில், அறந்தாங்கிப் பக்கம், வானம் பார்த்த பூமி. அம்மாவுக்கென்று நிலம் கிடையாது. நகைகளோ வீட்டில் இருந்த நாளைவிட வங்கியில் இருந்த நாளே அதிகம். கோழிகள் மட்டுமே அவளுடையவை. முட்டை விற்ற காசும் தீபாவளிக்குச் சேவல் விற்ற காசும் அடுக்களையில் உள்ள கடுகு டப்பாவுக்குப் போய்ச் சேரும். அந்த டப்பாவில் அப்பாகூடக் கை வைப்பதில்லை. நான் முதன்முதல் பரேலிக்குப் புறப்பட்டபோது இரயில் கட்டணம் அதிலிருந்துதான் வந்தது. நோட்டுகளில் கடுகு வாசனை கூட இருந்தது.

2023 ஜூன் மாதம் விடுமுறைக்கு ஊர் போய் இறங்கினேன். வாசலில் அம்மாவைக் காணோம். கொல்லைப்புறம் போய்ப் பார்த்தால், கூட்டின் முன்னே குந்தி உட்கார்ந்திருக்கிறாள். பதினாறு உருப்படியில் ஒன்பது போய்விட்டன. ஒன்றைத்தான் வந்த பிராணி தூக்கிப் போயிருந்தது. மற்ற எட்டும் கழுத்தில் கடிபட்டு அங்கேயே கிடந்தன.

பசிக்கு ஒன்று போதாதா, ஏன் எட்டை வீணாக்க வேண்டும் என்று கேட்கத் தோன்றும். வெளியிலே ஒரு பறவையைப் பிடிப்பதற்குள் மற்றவை பறந்து போய்விடும். வேட்டை அத்துடன் முடிந்தது. மூடிய கூட்டிலோ பறக்க இடமில்லை. கண்ணெதிரே இரை படபடத்துக் கொண்டே இருந்தால், கொல்லும் வேகம் அடங்குவதில்லை. நரிக்கும் கீரிக்கும் மரநாய்க்கும் இது பொது. வெறி என்று ஊரார் சொல்வார்கள். பாதிக் குற்றம் சுவரினுடையது என்று நான் சொல்வேன்.

சித்தப்பா வந்தார். பார்த்த மாத்திரத்தில் தீர்ப்பும் சொல்லிவிட்டார். "கீரிதான். கிணத்தடி வேலிக்குள்ள ஒரு ஜோடி குடியிருக்கு. வயலுக்கு வாங்கின குருணை மருந்து மிச்சம் கிடக்கு. ஒரு முட்டையில ஓட்டை போட்டு வச்சா நாளைக்குக் காலையில ஆள் அங்கேயே கிடப்பான்."

"மருந்துங்கிற பேச்சு இந்த வீட்டுல வேண்டாம்" என்றாள் அம்மா. காரணம் இருந்தது. 2011ஆம் ஆண்டில் நரிக்கென்று வைத்த மருந்தை எங்கள் மணி தின்றுவிட்டது. நாய் ஒரு முழு இரவு துடித்தது. நரி எப்போதும்போல மறுநாளும் ஊளையிட்டது.

சட்டம் என்று ஒன்று இருப்பதை நானும் எடுத்துச் சொன்னேன். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கீரிக்கும் மரநாய்க்கும் சேர்த்தே காவல் நிற்கிறது. சித்தப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அந்தச் சட்டத்தைக் கூட்டு வாசல்ல கட்டித் தொங்க விடு. கீரி படிச்சுப் பார்த்துட்டுத் திரும்பிப் போயிரும்" என்றார். அத்துடன் என் வாதம் முடிந்தது.

திண்ணையில் படுத்திருந்த அப்பத்தா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "கீரி பொழுது சாஞ்சா வளைக்குள்ள போயிரும். ராத்திரி வந்ததுக்கு அது என்ன பண்ணும்?"

நண்பர்களே, இதே செய்தியை நான் நூலில் படித்திருக்கிறேன். கீரி பகலில் நடமாடும் பிராணி என்று தேர்வில்கூட எழுதியிருப்பேன். எங்கள் கொல்லையில் நின்றபோது அது நினைவுக்கு வரவில்லை.

கீரியின்மேல் வீண்பழி விழுவது நம் நாட்டில் புதிதா? குழந்தையைப் பாம்பிடமிருந்து காத்த கீரியை அவசரப்பட்டு அடித்துக் கொன்ற பார்ப்பனியின் கதையைச் சிலப்பதிகாரம் கோவலனின் கருணையைச் சொல்லுமிடத்தில் குறிப்பிடுகிறது. ஆனால் அதே இனத்தானை வேறோர் ஊரில் பார்த்தால் கதை மாறும். 1872இல் நம் நாட்டுச் சிறு கீரிகளை ஜமைக்காவுக்குக் கப்பலேற்றினார்கள், கரும்புத் தோட்டத்து எலிகளைத் தொலைப்பதற்காக. அவை எலியோடு நில்லாமல் கோழிகளையும் அத்தீவின் பறவைகளையும் தின்று பெருகிவிட்டன. அங்கே அது வந்தேறி. எங்கள் கிணற்றடியிலோ அது எங்களுக்கு முன்னே குடியிருந்தது. இந்த வேறுபாட்டைச் சித்தப்பாவிடம் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

நிற்க. வந்தவர் யார் என்பதைக் கண்டாக வேண்டும். அடுப்புச் சாம்பலைச் சலித்து, கூட்டைச் சுற்றி இரண்டு முழ அகலத்துக்குத் தூவினேன். முதல் இரவு எலி. இரண்டாம் இரவு அதுவும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் சாம்பலில் அழகான தடங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஐந்து விரல். பூனை இனமாக இருந்தால் நான்கு விரல்தான் பதியும், நகக்குறியும் தெரியாது. ஆகவே காட்டுப்பூனை இல்லை. அண்ணாந்து பார்த்தேன். சுவரின் மேல் ஈச்சங்கொட்டைகள் நிறைந்த எச்சம் கிடந்தது. இரவில் வருகிறவர், மரமும் சுவரும் ஏறுகிறவர், பழமும் தின்கிறவர். மரநாய்! கள்ளுப் பானையில் வாய் வைக்கும் பழக்கத்தால் வெள்ளைக்காரர்கள் இதற்குக் கள்ளுப்பூனை என்றே பெயர் வைத்தார்கள்.

வழியும் தெரிந்துவிட்டது. மண் சுவருக்கும் தகரக் கூரைக்கும் இடையே நான்கு விரற்கடை இடைவெளி. கோழிக்குக் காற்று வேண்டுமென்று அம்மாவே விட்டது. நான் கடைத்தெருவுக்குப் போய், அறுகோணக் கண்ணுள்ள கோழிவலை வாங்கி வந்து, இடைவெளியை மூடிச் சணல் கயிற்றால் கட்டினேன். சித்தப்பாவும் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

இரண்டு இரவுகள் கழிந்தன. மூன்றாம் இரவு அது வந்தது. வலையைப் பல்லால் இழுத்துப் பிரித்துக்கொண்டு உள்ளே போயிற்று. அங்கே மூலையில் கூடையில் அடைக்கோழி இருந்தது. பதினோரு முட்டைகள், பதினேழாம் நாள். மற்றக் கோழிகள் பரண் கழியில் ஏறிக்கொண்டு கூச்சலிட்டன. அடைக்கோழி மட்டும் முட்டையை விட்டு எழுந்திருக்கவில்லை என்று நினைக்கிறேன். நாங்கள் விளக்கோடு ஓடி வந்தபோது கூடையிலேயே கிடந்தது.

அம்மா என்னை ஒன்றும் சொல்லவில்லை. உடையாமல் மிஞ்சிய நான்கு முட்டைகளையும் முந்தானையில் பொதிந்து கொண்டு, அந்த இருட்டிலேயே அடுத்த வீட்டுக்குப் போய், அவர்கள் அடைக்கோழியின் கீழ் வைத்துவிட்டு வந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கோழிவலை கோழியை உள்ளே வைத்திருக்க ஏற்பட்டது. திருடனை வெளியே நிறுத்த ஏற்பட்டதன்று. மறுநாள் இதைத் தெரிந்துகொண்டு, அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் வாங்கினேன். கயிறு வேண்டாமென்று சட்டம் அடித்து, ஆணியால் இறுக்கினேன். மேலே அடைத்தால் கீழே தோண்டுமே என்று, சுவரடியைச் சுற்றி ஒரு முழம் வெளிப்புறமாகக் கம்பி வலையைப் படுக்க வைத்து மண்ணைத் தள்ளி மூடினேன். கதவுக்குத் தள்ளுதாழ் போதாதென்று கொக்கியும் வைத்தேன். சித்தப்பாவே கடப்பாரை பிடித்தார். அதன்பின் அந்தக் கூட்டில் இரவுச் சாவு இல்லை.

பகல் பொழுது வேறு கதை. அடுத்த வீட்டில் வைத்த நான்கில் மூன்று பொரித்தன. குஞ்சுகளைத் தாயோடு எங்கள் கொல்லைக்குக் கொண்டு வந்தோம். அப்பத்தா கண் மங்கியவள். ஆனால் கோழியின் குரல் கேட்டே காவல் காப்பாள். நீட்டி இழுத்தால் மேலே பருந்து. விட்டு விட்டுக் கொக்கரித்தால் தரையில் ஏதோ வருகிறது. வானத்துப் பகைக்கு ஒன்று, தரைப் பகைக்கு ஒன்று எனக் கோழிக்கு இரண்டு குரல் உண்டென்று ஆராய்ச்சியாளரும் சொல்கிறார்கள். ஒரு நண்பகல் அப்பத்தா, "தரையில! தரையில!" என்று கத்தினாள். நான் ஓடுவதற்குள் கிணற்றடிக் கீரி ஒரு குஞ்சைக் கவ்விக்கொண்டு வேலிக்குள் நுழைந்துவிட்டது. நான் வக்காலத்து வாங்கிய அதே கீரி! சித்தப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. சிரித்தார். அம்மா பரணிலிருந்து பழைய பஞ்சாரத்தை இறக்கி, மிச்ச இரண்டையும் தாயையும் அதற்குள் கவிழ்த்தாள். குஞ்சுகள் இறக்கை முளைத்து ஓடத் தெரியும்வரை அப்படித்தான்.

புறப்படும் முன் என் கல்வியைக் கடைசியாக ஒருமுறை நிலைநாட்ட முயன்றேன். ஐதராபாத்தில் உருவாக்கிய வனராஜா என்ற இனத்தைப் பற்றிச் சொன்னேன். நீண்ட கால், பகை கண்டால் ஓடித் தப்பும், ஆண்டுக்கு நூறு முட்டைக்கு மேல். இங்கே இஜ்ஜத்நகரிலேயே சண்டைக்கோழி இரத்தம் கலந்து நிர்பீக் என்று ஒன்றை உருவாக்கியிருக்கிறார்கள். அஞ்சாதது என்று பொருள். எதிர்த்தே நிற்கும் என்றேன். அம்மா பொறுமையாகக் கேட்டாள்.

"அந்த வனராஜா அடை உக்காருமா?"

"பெரும்பாலும் உட்காராது அம்மா."

"அப்ப குஞ்சுக்கு?"

"வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்."

அவள் முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

இப்போது கூட்டில் பதின்மூன்று இருக்கின்றன. கடுகு டப்பாவின் நிலவரத்தை நான் கேட்பதில்லை. சென்ற வாரம் அலைபேசியில், "நேத்தும் வந்திருக்கு" என்றாள் அம்மா. எனக்குப் பகீரென்றது. "ஒண்ணும் போகலை. கூட்டை மூணு சுத்து சுத்திட்டு, கூரையிலயும் ஏறிப் பார்த்துட்டுப் போயிருக்கு."

"உனக்கெப்படித் தெரியும்?"

"தினமும் சாம்பல் தூவுறேன்ல?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்தத் தடவை பெரிய காலடியோட ரெண்டு சின்னக் காலடியும் கிடந்துச்சுடா. சித்தப்பாகிட்ட சொல்லிறாதே" என்றாள்.