நடேசன் பூங்காவில் ஒரு மாலை

சென்னைக்கு வருகிறவர்களில் தியாகராய நகரைப் பாராமல் ஊர் திரும்புகிறவர் அபூர்வம். பார்த்தவர்களிலோ அங்கே ஒரு நிமிஷம் உட்கார்ந்தவர் அதனினும் அபூர்வம். மாம்பலம் ரயில் நிலையத்தில் இறங்கி, ரங்கநாதன் தெருவின் ஜனசமுத்திரத்தில் குதித்து, பாத்திரக் கடைக்கும் ஜவுளிக் கடைக்கும் நடுவே தோளால் தோளை விலக்கி நீந்தி, ஒருவாறு உஸ்மான் சாலையில் கரையேறும் யாத்திரிகனுக்குத் தென்படுவதெல்லாம் வாங்கச் சொல்லும் பொருள்களும் விலகச் சொல்லும் மனிதர்களுமே. கையில் பை கனக்கும், கால் கடுக்கும். உட்காரலாம் என்று பார்த்தால் ஒரு காபியாவது வாங்காமல் நாற்காலி கிடைக்காது. காபி தீர்ந்த மறுகணமே அந்த நாற்காலிக்கு அடுத்தவர் பின்னால் வந்து நின்றுவிடுவார்.

அப்படிக் கால் கடுத்த ஒரு மாலையில்தான் நான் நடேசன் பூங்காவை நாடிச் சென்றேன். உஸ்மான் சாலையிலிருந்து பனகல் பூங்காவின் சந்திக்கு வந்து, அங்கிருந்து நந்தனத்தை நோக்கிச் செல்லும் வெங்கட்நாராயணா சாலையில் சிறிது தூரம் நடந்தால், திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் பெருமாள் சந்நிதியும் இந்தப் பூங்காவும் ஒரே சாலையில் அமைந்திருப்பதைக் காணலாம். சந்நிதியில் சேவித்துவிட்டு, பிரசாதப் பொட்டலத்தோடு பூங்காவுக்குள் நுழைந்து, பெஞ்சில் அமர்ந்து அதைப் பிரித்து உண்பவர்களும் உண்டு. பார்த்தே தீரவேண்டிய விசேஷம் என்று இந்தப் பூங்காவில் ஒன்றுமில்லை. நடப்பதற்கு ஒரு பாதை, குழந்தைகளுக்கு ஊஞ்சலும் சறுக்கு மரமும், நிழலுக்கு மரங்கள், மரத்தடியில் பெஞ்சுகள். இவ்வளவே. ஆயினும் இந்த ஊரின் சரித்திரத்தை அறிந்துகொள்ள விரும்புகிறவர் இங்கேயே உட்கார்ந்து தொடங்குவதுதான் உத்தமம் என்பது என் அபிப்பிராயம்.

இன்றைக்கு நூறு ஆண்டுகளுக்குச் சற்று முன்வரை, நான் அமர்ந்திருந்த இந்தப் பிரதேசம் நீர் நிறைந்த ஏரியாக இருந்தது. நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் வழியாகச் சைதாப்பேட்டை வரையில், மவுண்ட் ரோடுக்கு மேற்கே பிறைபோல் வளைந்து நீண்டு கிடந்த அந்த நீர்ப்பரப்பை ஆங்கிலேயர் லாங் டேங்க், அதாவது நெடிய ஏரி, என்று அழைத்தார்கள். அதில் படகுப் போட்டிகள்கூட நடத்தினார்கள். பட்டணம் பெருகி, குடியிருக்க மனை போதாமற்போகவே, 1923-ஆம் ஆண்டில் மாம்பலத்துப் பக்கத்து ஏரியை வற்றச்செய்து நிலமாக்கி, அதில் புதியதொரு நகரத்தை நிர்மாணிக்கும் வேலை ஆரம்பமாயிற்று. பின்னர் 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும், மாம்பலம் என்னும் கிராமப் பெயர் பட்டணத்து உத்தியோகஸ்தர்களின் விலாசங்களில் ஏறிவிட்டது. ஏரியின் ஞாபகமாக இன்று எஞ்சியிருப்பவை மேற்கு மாம்பலத்தில் ஏரியைப் பார்த்த தெரு என்று பொருள்படும் லேக் வியூ ரோடு போன்ற சில பெயர்கள்தாம். அங்கே எவ்வளவு நேரம் நின்று பார்த்தாலும் ஏரி தென்படாது.

புதிய நகருக்குத் திட்டமிட்டவர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். நடுவில் பூங்காவை வைத்து, அதைச் சுற்றிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப்போலச் சாலைகளைப் பிரித்து, ஆங்காங்கே காற்று வாங்க இடம் ஒதுக்கி, அதன் பிறகே வீடுகளுக்கு மனை அளந்தார்கள். அக்காலத்தில் சென்னை ராஜதானியை ஆண்டது நீதிக்கட்சி. ஆகவே நகரமே அக்கட்சியின் ஞாபகச் சின்னமாயிற்று. 1925-இல் காலமான பிட்டி தியாகராயச் செட்டியாரின் பெயர் ஊருக்கு, 1921 முதல் 1926 வரை முதன்மந்திரியாக இருந்த பனகல் அரசரின் பெயர் நடுப் பூங்காவுக்கு, டாக்டர் டி. எம். நாயரின் பெயர் ஒரு சாலைக்கு, டாக்டர் சி. நடேச முதலியாரின் பெயர் இந்தச் சிறு பூங்காவுக்கு. பாண்டி பஜார் என்று நாம் செல்லமாகக் கூப்பிடுவதும், பாண்டிச்சேரிக்கு யாதொரு சம்பந்தமும் இல்லாத, டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டிய நாடாரின் பெயரே.

இவர்களுள் நடேசனாரைப் பற்றி மட்டும் இரண்டு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். 1875-இல் திருவல்லிக்கேணியில் பிறந்து, வைத்தியத் தொழில் புரிந்த அவர், 1912-ஆம் ஆண்டிலேயே பிராமணரல்லாதார்க்கென ஒரு சங்கத்தைத் தோற்றுவிப்பதில் முன்னின்றவர். மாநகராட்சி விவகாரங்களில் எதிரெதிராக நின்ற தியாகராயரையும் நாயரையும் ஓரணியில் கொண்டுவந்து சேர்த்ததில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. 1916-இல் நீதிக்கட்சி பிறந்தது அந்தச் சேர்க்கையின் பலன். ஆயினும் எனக்கு அவரிடம் மதிப்பு உண்டாவது இவற்றால் மட்டுமல்ல. வெளியூர்களிலிருந்து படிப்பதற்காகச் சென்னை வந்து, ஜாதியின் காரணமாகத் தங்க இடம் கிடைக்காமல் அலைந்த மாணாக்கர்களுக்காகத் திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் என்ற விடுதியை அவர் நடத்தினார். பட்டணத்தில் தங்க இடமில்லாதவனுக்கு இடம் கொடுத்தவர் அவர். 1937-இல் அவர் மறைந்தார். ஊரும் சாலையும் மற்றவர்களுக்குப் போயிருக்க, உட்கார்ந்து இளைப்பாறும் இடம் அவர் பெயரைத் தாங்கி நிற்பது தற்செயலாக நேர்ந்ததுதான் என்றாலும் வெகு பொருத்தமாக நேர்ந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தரை இருக்கும். காலியாயிருந்த ஒரு பெஞ்சை நோக்கி நடந்தேன். "சார், அங்கே வேண்டாம், மேலே காக்கா கூடு கட்டியிருக்கு, இப்படி வாங்கோ" என்று ஒரு குரல் தடுத்தது. பக்கத்துப் பெஞ்சில் இரு முதியவர்கள் ஒரே தினசரியைத் தாள் தாளாகப் பிரித்து வைத்துக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தம் தாளை முடித்ததும் மற்றவரிடம் நீட்டுவார்; அவர் முடித்திராவிட்டால் நீட்டிய கை அப்படியே காத்திருக்கும். இடையில் வார்த்தை கிடையாது. வெகு நாட்களாகக் கூடி வருகிறவர்கள் என்பதற்கு அந்த மௌனத்தைவிட வேறு அத்தாட்சி வேண்டுவதில்லை. என்னை அழைத்தவர் நகர்ந்து இடம் கொடுத்துவிட்டு, "பர்ச்சேஸா?" என்று என் பையைப் பார்த்தார். ஆம் என்றேன். "நான் இந்தப் பேட்டையிலே ஐம்பது வருஷமா இருக்கேன். தீபாவளிக்கு ஒரு மாசம் முன்னாலேயே எங்களுக்கு வேணுங்கிறதை வாங்கி வச்சுண்டுடுவோம். அப்புறம் வீட்டை விட்டு வெளியே வந்தா இங்கே மட்டும்தான்" என்றார்.

இந்தப் பெஞ்சுகளில் தமிழ் இலக்கியமும் உட்கார்ந்திருக்கிறது. 1952-இல் செகந்திராபாத்திலிருந்து சென்னைக்கு வந்து, ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்து, 1966-இல் அந்த வேலையை விட்டுவிட்டு எழுத்தையே நம்பி வாழ்ந்த அசோகமித்திரன், தியாகராய நகரில் குடியிருந்தார். வீட்டுக்குச் சமீபத்திலிருந்த இந்தப் பூங்காவுக்கு வந்து அமர்ந்து எழுதுவது அவர் வழக்கம். தண்ணீர்ப் பஞ்சத்தில் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாய் அலையும் சென்னைப் பெண்களின் கதையை, 'தண்ணீர்' என்றே பெயரிட்டு ஒரு நாவலாக எழுதியவர் அவர். ஏரியாக இருந்த பூமியில் குடியேறிய ஜனங்கள் ஒரு குடம் நீருக்கு வரிசையில் நின்ற விநோதத்தை அவரைப்போல் குரலை உயர்த்தாமல் சொன்னவர் வேறு யாரும் இல்லை. எழுத்தாளனுக்கு மலைவாசஸ்தலமும் கடற்கரை மாளிகையும் அவசியம் என்று நினைப்பவர்கள் இந்தப் பூங்காவை ஒருமுறை வந்து பார்ப்பது நல்லது.

வெயில் தணியத் தணியக் கூட்டம் சேர்ந்தது. மருத்துவர் சொன்ன கணக்குக்காகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சுற்றுகிறவர்கள், பேரனை ஊஞ்சலில் வைத்துத் தள்ளிக்கொண்டே கைப்பேசியில் சம்பந்தம் பேசும் பாட்டிமார்கள், தலைமாட்டில் பையை வைத்து அரைத் தூக்கம் போடும் விற்பனைப் பிரதிநிதிகள் என்று பலரும் வந்தார்கள். எனக்கெதிரே புல்தரையில் இரண்டு பெண்கள் அமர்ந்திருந்தார்கள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கால்களை முழுக்க நீட்டி, குதிகாலைத் தரையில் ஊன்றி, பாதத்தை முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்துக்கொண்டிருந்தார்கள். நாளெல்லாம் நிற்கிறவர்களுக்குத்தான் அப்படி உட்காரத் தெரியும்.

"எந்த ஊரம்மா?" என்று கேட்டேன்.

"திருநெல்வேலிப் பக்கம் சார். இங்க துணிக்கடையில இருக்கோம். இன்னிக்கு லீவு."

2021-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு, கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை நேரம் முழுவதும் ஊழியர்கள் நின்றுகொண்டே இருக்கும்படி ஆகாமல் அவர்களுக்கு இருக்கை அமைத்துத் தரவேண்டும் என்று விதித்தது. உட்காருவதற்கும் சட்டம் இயற்ற வேண்டிய காலம் இது. அதை நினைத்துக்கொண்டு, "கடையில் ஸ்டூல் போட்டிருக்கிறார்களா?" என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஸ்டூல் போட்டிருக்காங்க சார்" என்றாள் மூத்தவள். "உட்காரத்தான் நேரம் இல்ல."

சின்னவள் சிரித்தாள். அதற்குமேல் நான் கேட்கவில்லை; அவர்களுடைய விடுமுறையில் ஒரு பங்கை நான் எடுத்துக்கொள்வது நியாயமாகப் படவில்லை. வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' 2010-இல் வெளிவந்தபோது, இந்தக் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பற்றி ஊர் சிறிது காலம் பேசியது. பிறகு பண்டிகை வந்தது. பேச்சு மறந்து, புடவை விரிக்கச் சொல்லப் போய்விட்டோம்.

உட்கார இடம் தேடுவது மனிதர்கள் மட்டுமா என்று எனக்குத் தோன்றியது. வானத்திலிருந்து இறங்கும் நீருக்கும் தங்க ஓர் இடம் வேண்டும். 2021 நவம்பரில் பெய்த பெருமழையில் தியாகராய நகரின் தெருக்கள் வெள்ளக்காடாகி, வீடுகளுக்குள்ளும் கடைகளுக்குள்ளும் நீர் புகுந்தபோது, எங்கிருந்தோ வந்த அந்நியனைப்போல அதைப் பார்த்து எல்லோரும் திகைத்தார்கள். தாத்தா காலத்து வீட்டைத் தேடி வந்த பேரன் அது. கதவு திறப்பாரில்லாமல் தெருவில் நின்றது. சிமெண்டும் தாரும் மூடிய இந்தப் பேட்டையில் அது மண்ணைத் தொடக்கூடிய இடங்கள் எத்தனை என்று விரல்விட்டு எண்ணினால், பூங்காக்களைத் தவிர்த்து அநேகமாகக் கை மடங்காது. நடைபாதையை அகலமாக்கிக் கல் பதிப்பதும், செயற்கை நீரூற்று அமைப்பதும் பூங்காவை அபிவிருத்தி செய்வது என்று கருதப்படுகிற காலத்தில், வெறும் மண்ணாகக் கிடக்கும் ஒவ்வொரு சதுர அடியும் ஏரிக்கு நாம் திருப்பிக் கொடுக்கும் வட்டி என்று நான் சொல்வேன். முதலைத் திருப்பித் தரும் சக்தி நமக்கு இனி இல்லை.

இருட்டத் தொடங்கியது. என் தலைக்குமேல் இருந்த தூங்குமூஞ்சி மரம் இலைகளை ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டது. பகலில் குடையாக நின்ற மரத்தின் நடுவே இப்போது வானம் துண்டு துண்டாகத் தெரிந்தது. முதியவர்கள் தினசரித் தாள்களை மறுபடியும் வரிசைப்படி அடுக்கி, மடித்து, வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். புல்தரையில் இருந்த பெண்கள் விடுதிக்குத் திரும்ப வேண்டிய நேரம் என்று எழுந்து, பாவாடையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்கள். வாசலுக்கு வெளியே சாலையின் ஓசை ஒரு நொடியும் ஓயவில்லை. உள்ளே அது தூரத்து அருவியைப்போலத்தான் கேட்டது.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்தமுறை கல்யாணத்துக்கோ பண்டிகைக்கோ சாமான் வாங்கத் தியாகராய நகருக்கு வரும்போது, பைகளோடு நேரே ரயிலுக்கு ஓடாமல், வெங்கட்நாராயணா சாலைக்குச் சென்று நடேசன் பூங்காவில் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள். கிளம்பும்போது, தின்ற கடலைத் தோலைக் குப்பைக் கூடையில் போடுங்கள். பக்கத்தில் யாராவது காலை நீட்டி அமர்ந்திருந்தால், சற்று நகர்ந்து இடம் கொடுங்கள்.